எடைக்கருவி காட்டாத வளர்ச்சி

‘வளர்ச்சி’ என்னும் ஒரே சொல் தமிழில் இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளைச் சுமந்து நிற்கிறது. குழந்தையின் எடை ஏறுவதும் உயரம் கூடுவதும் வளர்ச்சி. அதே குழந்தை குப்புறக் கவிழ்வதும், முகம் பார்த்துச் சிரிப்பதும், விரல் நீட்டி நிலவைக் காட்டுவதும், ‘எனக்குத்தான்’ என்று அடம்பிடிப்பதும் வளர்ச்சிதான். முன்னதை அளவின் வளர்ச்சி என்றும் பின்னதைத் திறனின் வளர்ச்சி என்றும் பிரித்துக்கொண்டால், அளவின் வளர்ச்சியைத் தராசும் நாடாவும் சொல்லிவிடும். திறனின் வளர்ச்சியையோ, ஒருவர் குழந்தையின் அருகில் உட்கார்ந்து அதன் கண்ணையும் கையையும் வாயையும் கவனித்துக்கொண்டிருந்தாலொழிய அறிய முடியாது. கடம்பூரிலிருந்து கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என விரியும் கரிசல் பூமியில் முதல் வகை வளர்ச்சிக்காக ஏறத்தாழ 70 ஆண்டுகளாகச் செய்யப்பட்டிருப்பவை போற்றத்தக்கவை. இரண்டாம் வகைக்கு அதே அளவு கவனம் இன்னும் வந்து சேரவில்லை.

இந்த மண்ணின் உழைப்புக் காலண்டரை அறியாமல் இங்குள்ள குழந்தையின் நாளை அறிய இயலாது. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகையில் களையெடுத்து, தை மாசியில் கம்பும் சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் வீடு சேர்த்து, பருத்தியும் எடுத்து முடித்துவிட்டால், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசலில் கூலிவேலை என்று பெரிதாக ஒன்றும் இராது. அந்த இடைவெளியை நிரப்பியது தீப்பெட்டித் தொழில். தொழிற்சாலை என்று எழுத்தில் சொன்னாலும் ஊரார் பேச்சில் அது ‘தீப்பெட்டி ஆபீஸ்’தான். குச்சி அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும், பண்டல் கட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலைகள். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கை நின்றால் காசு நிற்கும். ஆக, மழைக்காலத்தில் காட்டு வேலையிலும் மற்றக் காலத்தில் ஆபீஸிலும் தாய் இருக்க, கைக்குழந்தை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியே இப்பகுதியில் குழந்தை வளர்ச்சி பற்றிய எந்தப் பேச்சுக்கும் முதற்கேள்வியாகிறது.

சோறு முதலில் வந்தது

பசித்த வயிற்றோடு பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்காக முதலமைச்சர் காமராசர் கொண்டுவந்த மதிய உணவுத் திட்டம் 1956-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஊர், கடம்பூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத எட்டயபுரம். 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. இன்று ஊர்தோறும் காணப்படும் அங்கன்வாடிகள் அதன் விளைவு. அதற்கு வித்திட்டவற்றுள், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளைப் பற்றி மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் அளித்த அறிக்கை முதன்மையானது. உலக வங்கியின் உதவியோடு 1980-இல் தமிழகத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மதுரை, இராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களில் 6 முதல் 36 மாத வயதுக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தையைத் தனியே இனங்கண்டு கூடுதல் உணவு கொடுத்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் பாலர் பள்ளிகளையும் உள்ளடக்கியது. தராசைக் கண்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் பழக்கம் தமிழகத்துத் தாய்மார்களிடம் வேரூன்றியது இத்தனை முயற்சிகளின் பயனாகத்தான்.

வேலை முடிந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இவற்றில் இரத்தசோகையைத் தனித்துக் கவனிக்க வேண்டும். ஏனெனில் இரும்புச்சத்துக் குறைவு உடலைச் சோர்வடையச் செய்வதோடு நில்லாமல் மூளையின் வளர்ச்சியையும் கவனம் நிலைக்கும் ஆற்றலையும் பாதிக்கிறது. கம்பும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் பயறு வகைகளும் விளையும் மண்ணில், ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு வெறும் சோற்றுக் கஞ்சியும் கடையில் வாங்கிய பிஸ்கட்டும் மட்டுமே ஊட்டப்படும் வீடுகள் இருப்பது வருத்தம் தரும் செய்தி.

துறைகள் பிரிந்த கதை

குழந்தையின் திறன்களைத் துறை துறையாகப் பிரித்துப் பார்க்கும் முறைக்கு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆர்னால்டு கெசல் வழிகாட்டியாக அமைந்தார். அவர் 1925-இல் வெளியிட்ட நூலில் இயக்கம், சூழலுக்கேற்ப இயைந்து செயற்படும் அறிதிறன், மொழி, தனியாளாகவும் பிறரோடும் பழகும் நடத்தை என நான்கு புலங்களைக் காட்டினார். பிராங்கன்பர்க், டாட்ஸ் இருவரும் 1967-இல் உருவாக்கிய டென்வர் வளர்ச்சித் தேர்வு, இயக்கத்தை மேலும் இரண்டாக்கியது. தலை நிற்பது, உட்காருவது, நடப்பது போன்ற பெரிய தசைகளின் வேலை பெருந்தசை இயக்கம். பொறுக்குவது, கோப்பது, கிறுக்குவது போன்ற கைவிரல்களின் வேலை நுண்தசை இயக்கம். நமக்கு அருகிலேயே, திருவனந்தபுரத்தில் மருத்துவர் எம்.கே.சி. நாயர் குழுவினர் 1991-இல் வெளியிட்ட 17 திறன்களைக் கொண்ட எளிய அட்டவணை, இரண்டு வயது வரையிலான குழந்தையின் நிலையை ஊர்ச் சுகாதாரப் பணியாளரே சில நிமிடங்களில் பார்த்தறிய உதவுகிறது. 2022-இல் வெளியான, 3 முதல் 8 வயது வரைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் உடல், சமூகமும் மனவெழுச்சியும் அறமும், அறிதிறன், மொழியும் எழுத்தறிவும், அழகுணர்வும் பண்பாடும் என்று துறைகளை விரித்துக்கொண்டது.

இந்தப் பிரிவுகள் பார்ப்பவரின் வசதிக்காக ஏற்பட்டவையே தவிரக் குழந்தைக்குள் சுவர்கள் இல்லை. இதனை உணர்ந்தவர்களாகவே பழந்தமிழ்ப் புலவர்கள் தோன்றுகிறார்கள். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கைச் சற்று முன்பின்னாகச் சொன்னாலும் வரிசை பெரிதும் மாறுவதில்லை. ஐந்தாம் மாத அளவில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றி, தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாத அளவில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறைவையொட்டித் தளர்நடை நடந்து வரும்படி அழைப்பது வாரானை. அதன் பின் நிலவை விளையாட வரச்சொல்வது அம்புலி. அதன் பிறகு வருவனவற்றில் சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்கும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவை ஆண்பாலுக்கும், அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவை பெண்பாலுக்கும் உரியவை. இன்றைய மருத்துவரின் அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கை ஊன்றித் தலைதூக்குவதும், கைதட்டுவதும், நடப்பதும், கற்பனை விளையாட்டும் அதே வரிசையில் வருவதைக் காணலாம். இதைவிடவும் சிறப்பு ஒன்றுண்டு. பத்துப் பருவங்களில் எந்த ஒன்றிலும் குழந்தை தனித்து விடப்படவில்லை. யாரோ ஒருவர் எதிரில் இருந்து அதனை விளித்து, கொஞ்சி, கேட்டு, அழைத்துக்கொண்டே இருக்கிறார். குழந்தைக்குத் திறன் வருவதை மட்டும் சொல்லாமல், அத்திறன் வருவதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும் என்பதையும் அந்த இலக்கியத்தின் அமைப்பே சொல்லிவிடுகிறது.

காலும் கையும்

இயக்கத் துறையில் பெற்றோரின் கவலை பெரும்பாலும் ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டது’ என்பதிலிருந்து பிறக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட முடிவு இக்கவலைக்கு மருந்தாகும். துணையின்றி உட்காருவது 3.8 மாதத்திலும் நிகழலாம், 9.2 மாதத்திலும் நிகழலாம். தனியே நடப்பது 8.2 மாதத்துக்கும் 17.6 மாதத்துக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிடுகிறார்கள். கவலைப்பட வேண்டியது, அந்தக் கால இடைவெளி கடந்த பின்னும் திறன் வராதபோதும், வந்த திறன் மறைந்துபோகும்போதும்தான்.

முன்பு தச்சர் செய்து கொடுத்த மூன்று சக்கர நடைவண்டியைக் குழந்தை நின்றபடி தள்ளிக்கொண்டு போனது. எடையைத் தன் காலிலேயே தாங்கியது. இன்று கடைகளில் விற்கும், நடுவில் தொங்கும் இருக்கையில் குழந்தையை உட்காரவைக்கும் வட்டமான வாக்கர் இதற்கு நேர்மாறானது. அது நடையைக் கற்றுத்தருவதில்லை. வாசற்படியிலும் அடுப்படியிலும் கவிழ்ந்து விபத்துகளை உண்டாக்குவதால் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது. பிறந்தநாளுக்கு வாக்கர் வாங்கி வரும் தாய்மாமன்கள் இதனை அறிந்துகொள்வது நல்லது.

கைவிரல்களின் வளர்ச்சியோ இன்னும் நுட்பமான காட்சி. ஆறு மாதக் குழந்தை ஒரு பொருளை உள்ளங்கையால் வாரி எடுக்கிறது. பத்து மாதத்தையொட்டிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடி வந்து, சாணம் மெழுகிய தரையில் கிடக்கும் ஒற்றைக் கம்பு மணியைக் கிள்ளி எடுத்துவிடுகின்றன. பிற்காலத்தில் பென்சில் பிடிப்பதும் பூத் தொடுப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் அந்த ஒரு கிள்ளலிலிருந்து தொடங்குகின்றன. சோளத்தட்டையில் வண்டி செய்வதும், நுங்குக் கூந்தலில் உருளை செய்து ஓட்டுவதும், மழைக்குப் பின் கையில் பிசுபிசுக்கும் கரிசல் களிமண்ணில் மாடும் கலப்பையும் பிடிப்பதும் இம்மண்ணின் பிள்ளைகளுக்கு வாய்த்த செலவில்லாத நுண்தசைப் பயிற்சிகள். ஓர் எச்சரிக்கையையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எல்லா வீட்டிலும் இருக்கும் பண்டம். கிள்ளி எடுத்து வாயில் போடும் திறன் வந்துவிட்ட, ஆனால் அரைத்து மெல்லும் பற்கள் முழுமையாக வராத குழந்தையின் கையில் முழுக் கடலை கிடைத்தால் அது மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளக்கூடும். நான்கு, ஐந்து வயது ஆகும்வரை கடலையை இடித்துப் பொடியாகத்தான் கொடுக்க வேண்டும்.

பேச்சு பிறக்கும் இடம்

பிறந்த குழந்தையின் மூளை எடையில் பெரியவர் மூளையில் ஏறத்தாழ கால் பங்கு. ஐந்து வயதில் அது பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. முதல் சில ஆண்டுகளில் மூளையின் நரம்பணுக்களுக்கிடையே நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் தோன்றுகின்றன என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி ஆய்வு மையம் கணிக்கிறது. பயன்படும் இணைப்புகள் உறுதிப்படுகின்றன, பயன்படாதவை களையப்படுகின்றன. எந்த இணைப்பு உறுதிப்படும் என்பதைத் தீர்மானிப்பது பெருமளவுக்குக் குழந்தைக்கும் பெரியவருக்கும் இடையே நாள் முழுவதும் நடக்கும் கொடுக்கல் வாங்கல்தான். குழந்தை ஓர் ஒலி எழுப்புகிறது, பெரியவர் திரும்பிப் பார்த்து ஒரு சொல் சொல்கிறார். குழந்தை ஒன்றைச் சுட்டுகிறது, பெரியவர் அதற்குப் பெயர் சொல்கிறார். கடன் திரும்பாவிட்டால் வணிகம் படுத்துவிடுவது போல, பதில் வராத ஒலிகளைக் குழந்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்கிறது.

கொடுக்கல் வாங்கல் என்பது என்ன என்று அறியக் கரிசல் வீட்டுத் திண்ணையில் பேரனை மடியில் இருத்தியிருக்கும் பாட்டியின் கையைப் பார்த்தால் போதும். குழந்தையின் உள்ளங்கை விரிக்கப்படுகிறது. பாட்டியின் விரல் அதில் மத்தாகச் சுழன்று பருப்புக் கடைகிறது. கடைந்த பருப்பு, ஒவ்வொரு விரலாக மடக்கப்பட்டு, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் மாமாவுக்கும் பங்கு வைக்கப்படுகிறது. பிறகு பாட்டியின் இரண்டு விரல்கள் நண்டாகவும் நரியாகவும் உருமாறி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையில் சற்றே தயங்கி நின்று, அக்குளில் போய்க் கிச்சுகிச்சு மூட்டுகின்றன. முதல் நாள் குழந்தை கூச்சம் பட்ட பிறகே சிரிக்கிறது. ஐந்தாம் நாள் விரல் முழங்கையில் நிற்கும்போதே, இன்னும் வராத கூச்சத்துக்காகத் தோளைச் சுருக்கிக்கொண்டு சிரித்துவிடுகிறது. அடுத்து வருவது இன்னதென்று அது நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அறிதிறன் வளர்ச்சி என்று நூல்கள் சொல்வது இதைத்தான். விரல்களைத் தனித்தனியே மடக்குவது நுண்தசைக்கு. உறவுப் பெயர்கள் மொழிக்கு. பங்கு வைப்பது சமூக உணர்வுக்கு. மடியின் சூடும் சிரிப்பும் மனவெழுச்சிக்கு. இன்னும் சில நாளில் அந்தக் குழந்தை தானாகவே உள்ளங்கையை விரித்துப் பாட்டியிடம் நீட்டுகிறது. ஒரு சொல்லும் பேசத் தெரியாத உயிர் ஒன்று ‘மறுபடியும்’ என்று கேட்டுவிட்டது. பேச்சு பிறப்பது அந்த நீட்டிய கையில்தான். சொற்கள் அதற்குப் பின்னால் வந்து சேருகின்றன.

தமிழில் மழலை, குதலை என்று முதிராத பேச்சுக்கு இரண்டு அருமையான சொற்கள் உண்டு. ஆறு முதல் ஒன்பது மாதங்களில் ‘தத்தத்தா’, ‘பப்பப்பா’ என்று ஒலிகளை அடுக்குவதும், ஓராண்டையொட்டிப் பொருளுள்ள ஒரு சொல்லைச் சொல்வதும், இரண்டு வயதில் ‘பால் வேணும்’, ‘அம்மா வா’ என்று இரண்டு சொற்களைச் சேர்ப்பதும், மூன்று வயதில் வெளியார்க்கும் பெரும்பாலும் புரியும்படி பேசுவதும் இயல்பான வரிசை. ஒரு வயதாகியும் ஒலிகளை அடுக்காமல், எதையும் விரலால் சுட்டாமல் இருப்பது, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் இல்லாதிருப்பது, பேசிய சொற்கள் நின்றுபோவது ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

காத்திருப்பதற்குக் காரணம் சொல்லும் மரபு ஒன்று தூத்துக்குடி மாவட்டத்திலேயே வேரூன்றியிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைத் தந்தவரும் அவரே. பேசாத குழந்தையை வைத்துக்கொண்டு கலங்கும் பெற்றோர்க்கு அவ்வரலாறு ஆறுதலாக இருப்பதில் தவறில்லை. ஆறுதல் வேறு, தாமதம் வேறு. குழந்தை பேசாமைக்கு முதலில் விலக்க வேண்டிய காரணம் செவித்திறன் குறைவு. சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் நிலைத்திருக்கும் தென்தமிழகத்தில் பிறவிச் செவித்திறன் குறைவுக்கு அதுவும் ஒரு காரணமாகிறது. காது கேளாத குழந்தையை முதல் ஓராண்டுக்குள் கண்டறிந்தால் காதுக்கருவி பொருத்தலாம். அது போதாதபோது, உட்செவியில் வைக்கும் காக்ளியர் கருவியை அரசுக் காப்பீட்டுத் திட்டத்திலேயே பெறலாம். அறுவை எவ்வளவு இளமையில் நடக்கிறதோ, பேச்சு அவ்வளவு நன்றாக வருகிறது. ஐந்து வயது வரை காத்திருந்த குழந்தைக்கு மூளையின் மொழிக்கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டிருக்கும். வேண்டுதலுக்குச் செந்தூர் போகிற வழியில் தூத்துக்குடியில் இறங்கி ஒரு செவிப்பரிசோதனையும் செய்துகொண்டு போவது முருகனுக்கும் உவப்பானதாகவே இருக்கும்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறவிக் குறைகளோடு வளர்ச்சித் தாமதத்தையும் தேடிக் கண்டறியும் பணியை மருத்துவக் குழுக்களுக்குத் தந்திருக்கிறது. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அதற்காக ஏற்பட்டவை. கடம்பூருக்கு மேற்கே, தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளின் வீடுகளுக்கே பணியாளர்களை அனுப்பிப் பயிற்சி தரும் முறையைக் கிராமப்புறத்திலேயே நடத்திக் காட்டிவருகிறது.

வேற்றுமுகம்

எட்டு, ஒன்பது மாதமாகும்போது, அதுவரை யார் தூக்கினாலும் போய்க்கொண்டிருந்த குழந்தை திடீரென்று புதியவரைக் கண்டு வீறிட்டு அழுது தாயின் தோளில் முகம் புதைத்துக்கொள்கிறது. ‘பிள்ளைக்கு வேத்து முகம் வந்துருச்சு’ என்று இங்குள்ள பெண்கள் சொல்வது இதனைத்தான். ஜான் பவுல்பி முதலிய உளவியலாளர்கள் பற்றுறவு என்று விளக்கியது, அதாவது தன்னைக் காப்பவர் இன்னார் என்று உறுதிசெய்துகொண்டு அவரிடம் மட்டும் முழு நம்பிக்கை வைக்கும் உறவு, உருவாகிவிட்டதன் அறிகுறி அந்த அழுகை. அந்த நம்பிக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் குழந்தை உலகத்தை ஆராயப் புறப்படுகிறது. நான்கு அடி தவழ்ந்து போய், திரும்பிப் பார்த்து, அம்மா இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு மேலும் நான்கு அடி போகிறது.

அந்த வயதில்தான் பல தாய்மார்கள் தீப்பெட்டி ஆபீஸுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. குழந்தை பாட்டியிடமோ, சற்றே பெரிய அக்காவிடமோ விடப்படுகிறது. பற்றுறவு பெற்ற தாயிடம் மட்டும் வளர்வதில்லை. நாள்தோறும் மாறாமல் வந்து தூக்குகிற எந்தக் கையிடமும் வளரும் என்பது ஆறுதலான செய்தி. ஆனால் கைகள் மாறிக்கொண்டே இருப்பதும், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா பள்ளிக்குப் போகாமல் தம்பியை இடுப்பில் சுமப்பதும் இரண்டு குழந்தைகளின் வளர்ச்சியை ஒருசேரக் கெடுப்பவை. 1980-களில் இதே கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் விடியுமுன் பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்ட சிறுமிகளின் நிலை நாடெங்கும் பேசப்பட்டது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்ததில் அந்தப் பேச்சுக்கும் பங்குண்டு. அன்றைய சிறுமிகளில் பலர் இன்று பாட்டிகள். தமக்கு விளையாட நேரம் கிடைக்காத அவர்கள்தாம், ஆபீஸுக்குப் போகும் மகளின் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பருப்புக் கடைகிறார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

பிள்ளைகளின் உணர்வுகள் சிறியவை அல்ல என்பதை இந்த மண்ணின் எழுத்தாளர்கள் ஆய்வாளர்களுக்கு முன்பே கண்டிருந்தார்கள். இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில், இல்லாமை நிறைந்த வீட்டின் பிள்ளைகள் போட்டி போடுவதும் பொறாமைப்படுவதும் அநாதைச் சிறுவன் ஒருவனைச் சேர்த்துக்கொள்வதும் எத்தனை நுணுக்கமாக வந்திருக்கின்றன என்பதை, சமூக-மனவெழுச்சி வளர்ச்சியைப் பாடமாகப் படிப்பவர்கள் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

சோறும் விளையாட்டும் சேர்ந்தபோது

உணவு கொடுத்தால் போதாதா, உடல் தேறினால் மற்றவை தாமே வராவா என்ற கேள்விக்கு ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளிலிருந்து தெளிவான விடை கிடைத்தது. சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழுவினர் 1986-87-இல், 9 முதல் 24 மாத வயதுள்ள, வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குச் சத்துப்பால் மட்டும். ஒரு குழுவுக்கு விளையாட்டு மட்டும். ஒரு குழுவுக்கு இரண்டும். ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும். விளையாட்டு என்பது பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை: ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து, வீட்டுச் சாமான்களால் செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு பிள்ளையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். இரண்டு ஆண்டுகளின் முடிவில் உணவும் விளையாட்டும் தனித்தனியே பயன் தந்திருந்தன. இரண்டும் சேர்ந்த குழுவே மிகவும் முன்னேறியிருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, அக்குழந்தைகள் வேலைக்குப் போன பின் பார்த்தபோது, விளையாட்டு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். சத்துப்பால் மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீடித்த பயன் காணப்படவில்லை. 2014-இல் வெளிவந்த இம்முடிவைத் தமிழகம் தன் அனுபவத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் உணவையும் தராசையும் கடைக்கோடிக் கிராமம் வரை கொண்டுசேர்த்த மாநிலத்துக்கு, அதே வழியில் ஒரு மணி நேர விளையாட்டையும் கொண்டுசேர்ப்பது ஆகாத காரியம் அல்ல.

அங்கன்வாடிகளில் இதற்கான முயற்சிகள் இல்லாமல் இல்லை. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டம் மாதம் ஒரு கருப்பொருள் என்ற முறையில் பாட்டும் கதையும் விளையாட்டுமாக அமைந்தது. பிறப்பு முதல் மூன்று வயது வரை வீட்டில் செய்யக்கூடியவற்றை 36 மாதக் காலண்டராக வகுத்து ‘நவசேதனா’ என்ற பெயரில் ஒன்றிய அரசு 2024-இல் ஒரு சட்டகத்தையும் வெளியிட்டிருக்கிறது. ஆயினும் ஒரே பணியாளர் எடை எடுத்து, செல்பேசிச் செயலியில் பதிவேற்றி, இணை உணவு மாவு வழங்கி, பதிவேடுகளை முடித்து, அதன் பிறகு எஞ்சும் நேரத்தில்தான் கதை சொல்ல வேண்டியிருக்கிறது. எடை பதியாவிட்டால் மேலதிகாரி கேட்பார். கதை சொல்லாவிட்டால் கேட்பவர் எவருமில்லை. வளர்ச்சி அட்டையில் எடைக் கோட்டுக்குப் பக்கத்தில், இந்த மாதம் புதிதாகப் பேசிய சொற்கள் என்று ஒரு வரி எழுத இடம் விடப்பட்டால், அடுத்த மாதம் யாராவது அதைப் பற்றிக் கேட்பார்கள்.

அதைவிடப் பெரிய இடைவெளி இரண்டு வயதுக்குக் கீழே இருக்கிறது. அங்கன்வாடி இரண்டு வயது நிறைந்த குழந்தையைத்தான் பகலில் வைத்துக்கொள்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பணிபுரியும் நிறுவனங்களுக்கு அதே கடமையை விதித்தது. அதற்கும் குறைந்த ஆட்களோடு இயங்கும் சிறு அலகுகளிலும், காட்டு வேலையிலும், வீட்டிலிருந்து செய்யும் கூலிவேலையிலும் இருக்கும் தாய்க்கு இத்தகைய சட்டங்கள் எட்டுவதில்லை. மூளை மிக விரைவாக வளரும் ஆயிரம் நாள்களில், கருவில் கழியும் நாள்கள் போக எஞ்சியவை முழுவதும் இந்த எட்டாத பகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. களையெடுப்புக் காலத்தில் மட்டுமாவது அங்கன்வாடியோடு இணைந்த காப்பகம் ஒன்று ஊருக்கு ஊர் திறக்கப்பட வேண்டும் என்பது மிகையான கோரிக்கை அல்ல.

இயந்திரங்கள் வந்த பின் வீட்டில் பெட்டி ஒட்டும் வேலை பெரிதும் குறைந்துவிட்டது. அது மிச்சமிருக்கும் வீடுகளில், குரோஸ் கணக்கில் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் தாயின் இரண்டு கைகளும் பசையிலும் அட்டையிலும் மாட்டிக்கொண்டிருக்கின்றன; வாயும் காதும் ஓய்வாக இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் இரண்டு வயதுப் பிள்ளை உதிர்ந்து கிடக்கும் லேபிள் ஒன்றைப் பொறுக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டுகிறது. அவள் நிமிராமலே ‘என்னடா அது?’ என்கிறாள். ‘கிய்யி’ என்கிறது பிள்ளை. ‘கிளியா? கிளி என்ன கலரு?’ என்று அவள் கேட்க, அது லேபிளைத் திருப்பிப் பார்க்கிறது.